பாகூரில் தொடங்குங்கள்

பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையைச் சுற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு நாளாவது கடலுக்கு முதுகைக் காட்டி, வயலும் ஏரியுமான கிராமங்கள் பக்கம் வரவேண்டும். மார்கழி, தை தோதான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பியிருக்கும். பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும்.

பலரும் வில்லியனூரில் ஆரம்பிப்பார்கள். நான் பாகூரில் ஆரம்பிக்கச் சொல்வேன். கடலூர் சாலையில் போய், கன்னியக்கோயிலில் மேற்கே திரும்புங்கள். மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி. உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். சாமி கும்பிட்ட கையோடு வெளியே வந்துவிடாதீர்கள். கருவறையைச் சுற்றும்போது குனிந்து அடித்தளமான அதிட்டானத்தைப் பாருங்கள். சின்னச் சின்னதாய் ஆடற்சிற்பங்கள். காலை வெயில் சாய்வாக விழுகையில்தான் மடக்கிய முழங்காலும் தூக்கிய கையும் துலக்கமாகத் தெரியும்.

இந்த ஊரின் பெருமை இன்னும் பழையது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற உயர்கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக எழுதிவைத்தார்கள். அதைச் சொல்வதுதான் பாகூர்ச் செப்பேடு. மண்ணில் விளைந்ததை வைத்துப் படிப்பை நடத்தியிருக்கிறார்கள். மண் அப்படிக் கொடுக்கத் தண்ணீர் வேண்டுமே, அதற்காகத்தான் அடுத்து ஏரிக்கரைக்குப் போகச் சொல்கிறேன். புதுவையில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. மழையை மட்டும் நம்பியதில்லை. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு ஆடல் மகளிர் வாய்க்கால் வெட்டிய கதையை ஊரில் சொல்வார்கள். மதகுக்குக் கீழே நின்று வயல்களைப் பார்த்தால், பாகூரை ஏன் புதுவையின் நெற்களஞ்சியம் என்கிறார்கள் என்று விளங்கிவிடும்.

வில்லியனூர் போகும்போது சற்றே விலகினால் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்த இடம். இந்தியாவுடன் இணைய 170 பேர் சம்மதித்தார்கள். நினைவிடம் எளிமையானது. ஆனால் பிரெஞ்சு ஆட்சி முடிந்த கதை கடற்கரைப் பங்களாக்களைவிட இந்த வயற்காட்டில்தான் நெஞ்சில் பதிகிறது.

வில்லியனூரில் லூர்து மாதா கோயிலையும் அதன் முன்னாலுள்ள படித்துறைக் குளத்தையும் பாருங்கள். மாதா சிலை 1877இல் பிரான்சிலிருந்து வந்தது. சாயங்காலம் நடை திறந்ததும் திருக்காமீசுவரர், கோகிலாம்பிகை தரிசனம். வைகாசித் தேரோட்டத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடிப்பாராம். இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார்.

பொழுது சாய்வதற்குள் ஊசுட்டேரி. பாதி புதுவை, பாதி தமிழ்நாடு. புதுவைப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமானது. நாமக்கோழி, கூழைக்கடாவையெல்லாம் கரையிலிருந்தே பார்க்கலாம். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள். கீழ்க்கரையில் நிற்பதால் சாயங்கால வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும், பறவைகள் கறுப்பாகத்தான் தெரியும். நிறம் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொரு நாள் விடியற்காலையில் வாருங்கள்.