பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா?

(ஆர்.எஸ்.புரம் மொத்த வியாபாரி ஒருவர்)



மளிகையோ, காய்கறியோ, ஹார்டுவேரோ, எந்த வியாபாரமானாலும் இன்று சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இல்லாமல் கட்டுப்படி ஆவதில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் பக்கம் அதற்குக் 'குட்டி யானை' என்றே பெயர் விழுந்துவிட்டது. 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பும் ஊரெங்கும் ஓடுகிறது. புது வண்டிக்கு முதல் போதாதவர்கள் எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டியைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. பார்க்கும் முறையில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

பெயின்ட் பளபளப்பாக இருக்கிறது, எஞ்சின் சத்தம் சீராக இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் காகிதம், அடுத்து சேஸ், மூன்றாவதுதான் எஞ்சின். எஞ்சின் கெட்டிருந்தால் பிரித்து வேலை பார்க்கலாம். செலவு இவ்வளவு ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். காகிதத்தில் வில்லங்கம் இருந்தாலோ, சேஸ் போயிருந்தாலோ, எவ்வளவு பணம் போட்டாலும் அந்த வண்டி நமக்கு உதவாது.

காகிதம்

அசல் ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். அதிலுள்ள சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் அரம் போட்ட அடையாளமோ, மறுபடி அடித்த அடையாளமோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளும், அபராதம் நிலுவை இருக்கிறதா என்பதும் தெரியும்.

ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். "கடன் முடிந்துவிட்டது, கடிதம் அடுத்த வாரம் வரும்" என்ற பேச்சை நம்பி வாங்கிய காய்கறி வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு ஏற்றி வரும்போது நிதிக்காரர்கள் வழியில் வண்டியை மறித்து எடுத்துக்கொண்டார்கள். வண்டியும் போய், அன்றைய சரக்கும் சந்தை நேரத்துக்கு வந்து சேரவில்லை.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். வெளிமாநில வண்டியானால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, இல்லாமல் தொடாதீர்கள். வாங்கிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பு சட்டப்படி வண்டியோடு வந்துவிடும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படித் தானாக வராது. விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன்பின் வருடா வருடம். 15 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. விலை மலிவு என்று மிகப் பழைய வண்டியை எடுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேஸ்

சந்தைக்குக் காங்கேயம் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லும் சுழியும் பார்க்காமல் துண்டுக்குள் கை கொடுக்கமாட்டார். வண்டிக்கு அப்படிப் பார்க்க வேண்டிய இடம் அடிப்பாகம். ஒரு டார்ச் விளக்குடன் கீழே படுத்துப் பாருங்கள். கேபினுக்குப் பின்புறமும், ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்களிலும் துரு, வெடிப்பு, புது வெல்டிங் இருக்கிறதா என்று கவனியுங்கள். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும்.

என்ன சரக்கு ஏற்றிய வண்டி என்று கேளுங்கள். உப்பு, உரம், மீன் ஏற்றிய வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். முதலில் வந்த டாடா ஏஸ் சுமக்க வேண்டியது முக்கால் டன். அதில் ஒன்றரை டன் ஏற்றி ஓட்டியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் வண்டி அதிக பாரம் இழுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். கிலோமீட்டர் முள்ளைத் திருப்பி வைக்க முடியும். ஆனால் பெடல் ரப்பரின் தேய்மானம் உண்மையைச் சொல்லிவிடும்.

எஞ்சின்

விடியற்காலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். எஞ்சின் பக்கம் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்க முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். விடாமல் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங்ஸ் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் பழுதாக இருக்கலாம். ஓடும் நிலையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. ஆயில் அளவுக்குச்சியில் மோர் போன்ற நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, வாங்க வேண்டாம்.

பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டியை உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம். காமன் ரெயில் எஞ்சினானால் இன்ஜெக்டர், சென்சார் செலவு கூடுதல். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகை வடிகட்டி உண்டு. கடைக்குக் கடை நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்த்தல்

காலி வண்டியை ஓட்டிப் பயனில்லை. அரை டன் சரக்காவது ஏற்றி வடகோவை மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. கியர் தானாக நழுவக் கூடாது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. வேறொருவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். வண்டி நண்டு போல ஒருபக்கமாகச் சாய்ந்து போனால் விபத்தில் அடிபட்டு சேஸ் வளைந்திருக்கலாம்.

இந்தச் சோதனைக்கு உங்கள் மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவரின் மெக்கானிக்கும், கமிஷனுக்கு வரும் புரோக்கரும் நமக்காகப் பேசமாட்டார்கள்.

விலை

டயர், பேட்டரி, கிளட்ச், எஃப்.சி. வேலை, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். கையிலுள்ள முழுப் பணத்தையும் வண்டியில் போடாமல், முதல் ஆறு மாதப் பழுதுக்கென்று ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் டிரைவர் சம்பளமும் வாடகை வண்டிச் செலவும் சேர்ந்து நம் கல்லாவிலிருந்துதான் போகும்.

விற்பவர் அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். கோவையில் பழைய வண்டிக்குப் பஞ்சமில்லை. இது இல்லாவிட்டால் வேறொன்று கிடைக்கும்.