பழைய கணிப்பொறியும் பொன்னும்

பழைய கணிப்பொறிகளை எடைக்கு வாங்கிப் பொன் பிரிக்கும் தொழிலில் முதலிடலாமா என அங்கத்தினர் சிலர் நம்மை வினவியுள்ளனர்.

பொன் இருப்பது மெய்யே. செம்பு களிம்பேறித் தொடர்பு அறாதிருக்க, நினைவகப் பலகைகளின் விளிம்பிலும் செருகுமுனைகளிலும் பொன்முலாம் பூசுகின்றனர். முலாம் எத்துணை மெல்லியதென்பதைச் சரிகை அறிந்த நெசவாளருக்கு நாம் கூற வேண்டுவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானியர் 2017 முதல் 2019 வரை கைபேசி, கணிப்பொறி முதலிய சிறு சாதனங்களை ஏறத்தாழ 79,000 டன் திரட்டினர். கிடைத்த பொன் 32 கிலோ. டன்னுக்கு அரை கிராமும் தேறவில்லை! பலகைகளை மட்டும் பொறுக்கினால் கூடுதலாகத் தேறும். ஆனால் வியாபாரி தாம் பொறுக்கியது போக எஞ்சியதையன்றோ நமக்கு நிறுத்துத் தருவார்?

இதனினும் கொடியது திராவகம். நைட்ரிக் திராவகம் செம்பைக் கரைக்கையில் எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துத் தோன்றுதலும் உண்டு. செம்பும் ஈயமும் கலந்த கழிவுநீர் வாய்க்காலில் இறங்கினால் சாயமிடுவோரும் பயிரிடுவோரும் ஒருங்கே கெடுவர். சீனத்துக் குய்யூ நகரின் நீரும் மண்ணும் இவ்வாறே பாழாயின.

மேலும், 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே இதில் முதலிட வேண்டாமென்பதே நம் கருத்து. வீட்டில் பழுதுற்ற கணிப்பொறி இருப்பின், அதனைக் கழற்றாமல் பதிவுபெற்ற நிலையத்தாரிடம் ஒப்புவித்து, உரிய விலையைக் கேட்டுப் பெறுவீர்களாக.