பெட்ராவும் வாதி ரம்மும்: தண்ணீரைச் சேர்த்த நபட்டேயர்

ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து தெற்கே மூன்று மணி நேரச் சாலைப் பயணத்தில் வாதி மூசா என்ற சிற்றூர் வருகிறது. பெட்ராவுக்கு வாசல் இந்த ஊர்தான். மூசா நபி கோலால் பாறையைத் தட்டியபோது பீறிட்டதாக மக்கள் நம்பும் ஊற்று ஒன்று ஊரின் மேட்டுப் பகுதியில் இன்றும் சுரக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் பகுதி இது. அந்த மழையும் குளிர்கால மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். வெறும் பாறை மலைகள் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஓடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் காட்டாறாகிப் பள்ளத்தை நோக்கிப் பாய்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறட்சி, சில மணி நேரம் வெள்ளம் என்ற இந்த நிலத்தில்தான் நபட்டேயர் என்ற அரபு மக்கள் தங்கள் தலைநகரான பெட்ராவை அமைத்தார்கள்.

நபட்டேயரைப் பற்றிய பழைய விரிவான குறிப்பு கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியது. கி.மு. 312-இல் அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரான ஆன்டிகோனஸ் அவர்கள்மீது படை அனுப்பிய கதையை அவர் சொல்கிறார். அவர் காட்டும் நபட்டேயர் கூடாரவாசிகள். பயிரிடுவதும் வீடு கட்டுவதும் அவர்களுடைய வழக்கத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள். நிலமும் வீடும் உள்ளவனை எவரும் எளிதில் அடிமைப்படுத்திவிடலாம் என்பது அதற்குக் காரணம். பகைவர் வந்தால் அவர்கள் பாலைக்குள் பின்வாங்குவார்கள். அங்கே நிலத்தடியில் தொட்டிகள் தோண்டிக் காரை பூசி வைத்திருந்தார்கள். வாய் சிறிதாகவும் உள்ளே போகப்போக அகலமாகவும் இருக்கும் அந்தத் தொட்டிகளின் மேல்மூடியைத் தரையோடு தரையாக மறைத்து, தங்களுக்கு மட்டுமே தெரியும் அடையாளம் வைப்பார்கள். துரத்தி வந்த படை தாகத்தில் திரும்ப வேண்டியதுதான்.

தென் அரேபியாவிலிருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஒட்டக வரிசைகளில் வடக்கே போன பாதைகள் இவர்கள் கைக்குள் இருந்தன. அந்தச் செல்வம் கூடாரவாசிகளை நகரவாசிகளாக்கியது. கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் அரேட்டஸ் காலத்தில் பெட்ரா தன் உச்சத்தில் இருந்தது. ஏறத்தாழ 20,000 பேர் அங்கே வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. மறைந்து வாழ்வதற்காகக் கற்ற தொட்டிக் கலையே இத்தனை பேரின் தாகத்தையும் தீர்த்தது என்பது நபட்டேயர் வரலாற்றில் வியந்து போற்ற வேண்டிய திருப்பம்.

நகருக்குள் நுழையும் வழி ‘சிக்’ எனப்படும் பாறை இடுக்கு. மலை பிளந்து உண்டான 1.2 கிலோமீட்டர் நீளப் பிளவு அது. சில இடங்களில் அகலம் மூன்று மீட்டர்தான்; இருபுறச் சுவர்களும் 80 மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கின்றன. பயணிகள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். பார்வையைச் சற்றுத் தாழ்த்தினால் நகரத்தின் உயிர்நாடி தெரியும். ஒரு பக்கச் சுவரில் வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது. மறுபக்கச் சுவரில் சுடுமண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பாறையில் வெட்டிய பள்ளத்தில் பதித்துக் காரையால் மூடியிருக்கிறார்கள். மூசா ஊற்றின் நீர் இவற்றின் வழியே சீரான வாட்டத்தில் நகருக்கு இறங்கியது. வாட்டம் கூடினால் குழாய் வெடிக்கும், குறைந்தால் வண்டல் அடைக்கும். அதை அறிந்தே வேலை நடந்திருக்கிறது. வண்டல் படிவதற்கென்று இடையிடையே சிறு தொட்டிகளும் உண்டு.

நீரைக் கொண்டுவருவது பாதி வேலைதான். மழைக்காலத்தில் மூசா ஓடையின் காட்டாறு முழுவதும் இந்த இடுக்குக்குள்ளேயே பாயக்கூடியது. எனவே சிக்கின் வாயில் அணை கட்டி, பக்கத்து மலையில் 80 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் குடைந்து, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். நகரம் கைவிடப்பட்டபின் அணை சிதைந்தது. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளம் சிக்குக்குள் புகுந்து, பிரான்சிலிருந்து வந்த பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பின் ஜோர்டான் அரசு பழைய அணை இருந்த இடத்திலேயே புதிய அணை எழுப்பியது. நபட்டேயர் குடைந்த சுரங்கம் இன்றும் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் 2018 நவம்பரில் பெருமழை பெய்தபோது ஆயிரக்கணக்கான பயணிகளை அவசரமாக வெளியேற்ற நேர்ந்தது.

சிக் முடியும் இடத்தில் அல் கஸ்னே. ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்துக்கு இளஞ்சிவப்பு மணற்பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கிய முகப்பு இது. பெயருக்குக் ‘கருவூலம்’ என்று பொருள். உச்சியில் உள்ள கல் குடத்துக்குள் புதையல் இருப்பதாக நம்பிப் பாலைவாசிகளான பதூயின்கள் சுட்ட துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகள் அதில் இருக்கின்றன. குடம் உள்ளீடற்றதல்ல, முழுக்கல். இது அரசர் ஒருவரின் கல்லறை என்பதே பெரும்பாலோர் கருத்து. இதைத் தாண்டி நகர மையத்தில், வெகுகாலம் சந்தைத்திடல் என்று கருதப்பட்ட வெற்றிடத்தில், 1998-இல் நடந்த அகழாய்வு 43 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமும் உள்ள குளம் ஒன்றையும் தோட்டத்தையும் வெளிப்படுத்தியது. குளத்தின் நடுவே தீவு மண்டபம். பல நாள் பாலையில் நடந்து வந்த வணிகனுக்கு இந்த நகரின் வலிமையை உணர்த்த அந்த நீர்ப்பரப்பு ஒன்றே போதுமாயிருந்திருக்கும்.

கி.பி. 106-இல் பேரரசர் டிராஜன் காலத்தில் நபட்டேயர் நாடு ரோமின் மாகாணமானது. வணிகம் கடல்வழிக்கு மாறியது. 363-இல் நிகழ்ந்த நிலநடுக்கம் நகரில் பாதியை வீழ்த்தியது. 1812-இல் இஸ்லாமியர் வேடத்தில் வந்த சுவிட்சர்லாந்துப் பயணி பர்க்ஹார்ட் பெட்ராவைப் பற்றி மேலைநாட்டார்க்குச் செய்தி சொன்னார். அதைக் கண்டுபிடிப்பு என்பது பொருந்தாது. அவருக்கு வழிகாட்டியவர் உள்ளூர்க்காரர். நகரின் குகைகளில் குடியிருந்த பதுல் என்ற பதூயின் குடிகள் 1980களில், பெட்ரா உலக மரபுச் சின்னமான காலத்தில்தான், அருகே கட்டிய உம் சைஹூன் ஊருக்கு மாற்றப்பட்டார்கள்.

பெட்ராவிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் வாதி ரம் வந்துவிடுகிறது. இங்கே நகரம் கிடையாது. செம்மணல் வெளியும் அதிலிருந்து செங்குத்தாக எழும் மலைகளுமே. ரம் மலை 1,734 மீட்டர். சவூதி எல்லையோரம் உள்ள உம் அத் தாமி 1,854 மீட்டர், நாட்டின் மிக உயர்ந்த சிகரம். மலைகளின் அடிப்பகுதி பழைய கருங்கல், மேலே அடுக்கடுக்காக மணற்பாறை. மழைநீர் மணற்பாறைக்குள் மெல்ல இறங்குகிறது. கருங்கல்லை எட்டியதும் மேற்கொண்டு போக வழியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஊற்றாகக் கசிகிறது. தூரத்திலிருந்தே அந்தக் கோட்டில் பச்சைத் திட்டுகள் தெரியும்.

ரம் ஊருக்கு மேலே ஷலாலே ஊற்று அப்படிப்பட்டது. நபட்டேயர் அதன் நீரைக் கல் வாய்க்காலில் கீழே இறக்கினார்கள். மலையடியில் அல்லாத் என்ற பெண் தெய்வத்துக்குக் கட்டிய கோயிலின் சுவர்கள் எஞ்சியிருக்கின்றன. ஊற்றருகே பாறையிலும் அவள் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. பாலையில் நீர் சுரக்கும் இடம் தெய்வத்தின் இடமாவது இயல்பே. ஹஸாலி மலையின் குறுகிய பிளவுக்குள் மழைநீர் குட்டைகளாகத் தேங்கும். அதன் சுவர்களில் மனிதர்கள், காட்டாடுகள், பாதச்சுவடுகள். இப்படி 25,000 பாறைச் சித்திரங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் கணக்கிடப்பட்ட பின், 2011-இல் இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து வாதி ரம் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. பதூயின் வழிகாட்டிகள் இன்று ஜீப்பில் பயணிகளை அழைத்துச் சென்று, மாலையில் மணலுக்கடியில் தணல் மூட்டி இறைச்சியும் காய்களும் வேகவைத்துப் பரிமாறுகிறார்கள். பயணிகளின் முகாம்களுக்கு நீர் இப்போது லாரிகளில் வருகிறது. ஷலாலேயில் பாறைச் சுவரையொட்டி, புதினாவும் பெரணியும் மண்டிய இடத்தில், ஊற்று இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது.

(தொடரும்)