பழைய டிராக்டரின் பெறுமானம்

பழைய டிராக்டர் ஒன்றைக் காட்டி, இதன் விலை யாது என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு விடைகள் வரும். பழைய இரும்பு வியாபாரி ஒரு தொகை சொல்வார். வாடகைக்கு உழுபவர் வேறொரு தொகை சொல்வார். பழம் யந்திரங்களைச் சேகரிப்பவர் பிறிதொன்று சொல்வார். தந்தையார் ஓட்டிய வண்டி என்ற பாசத்தில் மகன் மனத்தில் வைத்திருக்கும் தொகையோ எவர் கணக்கிலும் அடங்காது. இந்நால்வரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவ்வண்டியில் வெவ்வேறு பயனைக் காண்கிறார்கள், அவ்வளவே. அரசாங்கத் தாள்களை மொழிபெயர்க்கும் அலுவலில் இருக்கும் நமக்கு, ‘மதிப்பு’ என்னும் ஒரே சொல்லை மூன்று இடங்களில் மூன்று பொருளில் எழுத நேர்வதுண்டு. டிராக்டர் விஷயத்திலும் அப்படித்தான்.

புனேயில் வாழும் தமிழர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் எண்ணலாம். ஹடப்சரை அடுத்த மகர்பட்டாவை நினைத்துப் பாருங்கள். அடுக்கு மாடி வீடுகளும் கணினி அலுவலகங்களும் நிற்கும் அவ்விடம் முன்னர் கரும்பு விளைந்த பூமி. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், 400 ஏக்கருக்கு மேற்பட்ட தங்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், சதீஷ் மகர் என்பாரின் தலைமையில் ஒரு கம்பெனியாகச் சேர்ந்து, அவரவர் நிலத்துக்கு ஏற்ற பங்கு பெற்று, 2000-ஆம் ஆண்டு முதல் அந்நகரைத் தாமே எழுப்பினார்கள். கலப்பை ஓடிய அந்த மண்ணிலேயே டிராக்டர் செய்யும் ஜான் டீர் நிறுவனத்தின் அலுவலகமும் அமைந்தது. நிலம் நகரமாகும்போது டிராக்டர் வேலையிழக்கிறது. ஊரில் நிலமும் கொட்டகையும் உடைய நம்மவர்க்கும் இதே நிலைமைதான். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும் நாளில், ஓரமாக நிற்கும் பழைய வண்டிக்கு என்ன விலை போடுவது என்ற கேள்வி எழுகிறது.

முதலில் வயதை அறிய வேண்டும். 1951-இல் இந்தியா முழுவதும் இருந்த டிராக்டர்கள் சுமார் 8,600. 1961-இல் சுமார் 31,000. அக்காலத்தவற்றுள் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஐஷர் நிறுவனம் 1959-இல் பரீதாபாத்தில் உள்நாட்டு டிராக்டரை வெளியிட்டது. சென்னையில் டாபே நிறுவனம் 1960-இல் தோன்றியது. மகீந்திராவின் முயற்சி 1963-இல் உருவாயிற்று; எச்.எம்.டி. 1971-இலும் ஸ்வராஜ் 1974-இலும் வந்தன. ஆகையால் 1950-இல் தாத்தா வாங்கிய ஸ்வராஜ் என்று யாரேனும் சொன்னால், அங்கே நினைவு பிசகியிருக்கிறது என்று கொள்ளலாம். யந்திரத்தில் பொறித்த எண்ணும், அடிச்சட்டத்து எண்ணும், பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்களும் ஒத்திருந்தால்தான் வயது உறுதியாகும்.

அடுத்து, மூன்று கணக்குகளைத் தனித்தனியே போட வேண்டும்.

முதற் கணக்கு இரும்பு விலை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட பெர்குசன் டி.ஈ.20 டிராக்டரின் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. கிலோவுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 33,000 ரூபாய் ஆகிறது. இதற்குக் கீழே எவரும் விற்க வேண்டியதில்லை.

இரண்டாவது உழைப்பு விலை. வண்டி ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓடி, எண்ணெயும் ஓட்டுநர் கூலியும் போக மணிக்கு 300 ரூபாய் மிச்சம் தருகிறது என்போம். ஆண்டுக்கு 30,000, இன்னும் மூன்றாண்டு உழைக்குமெனில் 90,000. ஆனால் இப்போதே பழுது பார்க்கவும் டயர் மாற்றவும் 60,000 செலவாகுமாயின், எஞ்சுவது 30,000 மட்டுமே. ஓடுகிற வண்டியும் சில சமயம் இரும்பு விலைக்குக் கீழே இறங்கிவிடுவதை இக்கணக்கு காட்டுகிறது. தொகைகள் உதாரணமே, வழிதான் முக்கியம்.

பழுதுச் செலவை அறியச் சில எளிய சோதனைகள் உண்டு. யந்திரம் குளிர்ந்திருக்கும்போது முதன்முறை கிளப்பச் சொல்லுங்கள். தொட்டுப் பார்க்கையில் சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ கிளப்பிவிட்டார்கள் என்று பொருள். நீலப் புகை இடைவிடாது வந்தால் யந்திரம் தன் மசகு எண்ணெயையே எரிக்கிறது. பின்புறத் தூக்கியில் ஏரைப் பூட்டி உயர்த்தி, யந்திரம் ஓடும்போதே அது தாழ்கிறதா என்று பாருங்கள். மணி காட்டும் மீட்டரை நம்புவதைவிட, தேய்ந்த மிதிகளையும் சுக்கானில் உள்ள ஆட்டத்தையும் நம்புவது நலம்.

மூன்றாவது அருமை விலை, சேகரிப்போர் கொடுப்பது. இங்கே ஒரு மயக்கம் உண்டு. அரிதாக இருப்பதெல்லாம் விலை போகும் என்று எண்ணுகிறோம். டி.ஈ.20 வகையில் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அது அரிய பொருளன்று. ஆயினும் ஏரை நீர்விசையால் தூக்கும் மும்முனைப் பிணைப்பை உலகெங்கும் பரப்பிய வண்டி என்பதால் விரும்புவோர் பலர்; உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. விரும்புவோர் இல்லாத அரிய வண்டிக்கு அருமை மட்டுமே மிஞ்சும், விலை வராது.

சேகரிப்போர் பார்ப்பது முழுமையையும் மாறாமையையும். பழைய மூடி, மண்காப்பு, தகடு, விளக்கு ஆகியன அசலாக இருக்க வேண்டும். ஒரிஜினல் யந்திரத்தை எடுத்துவிட்டு வேறு பூட்டிய வண்டிக்கு மதிப்பு குறையும். விற்கும் முன் பளபளவென்று புதுச் சாயம் அடிப்பதும் தவறு. அடியில் என்ன மறைந்திருக்கிறதோ என்று வாங்குபவர் ஐயுறுவார். மத்திய அரசும் 2021-இல் பழம் வாகனப் பதிவுக்கு விதி வகுத்தபோது, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்தமையும், மூல அமைப்பு மாறாமையும் ஆகிய இரண்டையுமே அளவுகோலாகக் கொண்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் மறக்கக் கூடாதது தாள்களே. பதிவுப் புத்தகம் காலஞ்சென்ற தந்தையார் பெயரிலேயே இருந்தால், முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். டிராக்டரின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். கடன் என்றோ தீர்ந்திருப்பினும், வங்கியின் பெயர் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வண்டியை மகாராஷ்டிரத்துக்குக் கொண்டுவந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதாயின், ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். தாள் இல்லாத நல்ல வண்டியும் இரும்பு விலையை நோக்கியே சரியும்.

இனி நான்காவது மதிப்பு: பாசம். அது பொய்யன்று, ஆயினும் அதைப் பிறர் தலையில் சுமத்தலாகாது. வண்டியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பும் சகோதரர், மேற்சொன்ன மூன்று கணக்குகளில் எது உயர்ந்ததோ, அதன்படி மற்றவர் பங்கைக் கொடுத்துவிடுவது நியாயம். அதற்கு மேற்பட்ட பாசத்தை அவர் விலையின்றி அனுபவிக்கலாம். ஊரிலிருக்கும் தம்பி அந்த வண்டியால் பிழைக்கிறார் என்றால், உழைப்பு விலையோடு நிறுத்திக்கொள்வதும் குடும்பத்துக்கு அழகே. ஆனால் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று அறிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

மகர்பட்டா விவசாயிகள் தங்கள் நிலத்தின் மதிப்பைப் பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தாமே அளந்து, தாமே பங்கிட்டார்கள். தொலைபேசியில் தரகர் சொல்லும் முதல் தொகைக்குச் சரி என்று சொல்லிவிடாமல், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொட்டகையைத் திறந்து, எண்களைக் குறித்து, புத்தகத்தைத் தேடி எடுத்து, மூன்று கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம்.