இயற்பியல் படித்த மூன்று பேர்

மே மாதத்தில், பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு யார் வந்தாலும் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் கேட்டுவிடுகிறார்கள்: "அடுத்து என்ன சேரப் போறே?" சட்டென்று பதில் சொல்லும் பிள்ளைக்குக் கெட்டிக்காரன் என்று பெயர். "இன்னும் முடிவு பண்ணல மாமா" என்பவனுக்கு அங்கேயே நாலு யோசனை கிடைக்கும். நாலிலும் கம்ப்யூட்டர் சயன்ஸ் இருக்கும். பெற்றவர்களுக்கோ உள்ளுக்குள் கலக்கம்.

அந்தக் கலக்கத்தோடு ஒன்னாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரியைக் கடந்தால், சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டி செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி இது. 1950இல் இங்கே இன்டர்மீடியட் சேர்ந்தார் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர். அதை முடித்துவிட்டு அங்கேயே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தார். பட்டம் கைக்கு வந்த பிறகுதான் இயற்பியல் தனக்கான பாடம் இல்லை, பொறியியலுக்குப் போயிருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. இன்டர்மீடியட் முடித்த கையோடு பொறியியலில் சேர்ந்திருக்க முடியும். அப்படியொரு வழி இருப்பதையே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்தப் பையன் அப்துல் கலாம். இதைத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

நல்லவேளையாக, அன்று இன்னொரு வாசல் திறந்திருந்தது. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., பி.எஸ்ஸி. முடித்தவர்களைத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. சேருவதற்கு ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கேயும் முதலாண்டு முடிந்த பிறகுதான் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பறக்கும் காலம் முடிந்த இரண்டு விமானங்களை வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் கலாம் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பாராம். விமானப் பொறியியலை எடுத்துக்கொண்டார்.

அதே காலத்தில் செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்த இன்னொருவர், ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன். அவரும் எம்.ஐ.டி.க்குத்தான் போனார், எடுத்தது மின்னணுவியல். பிறகு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கெடுத்தார். தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. எழுத்தை அவருக்கு எந்தப் பட்டப்படிப்பும் கொடுக்கவில்லை; பொறியாளர் வேலை அதைத் தடுக்கவும் இல்லை.

பஸ் வழியில் கடந்துவந்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், இயற்பியலில் எம்.ஏ. முடித்துவிட்டு 1907இல் கல்கத்தாவில் அரசு நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரத்துக்கு வெளியே பத்தாண்டுகள் ஆராய்ச்சி செய்தவர், 1917இல்தான் அந்த வேலையை விட்டுப் பேராசிரியரானார்.

இப்படிச் சொன்னால் "அவர்களெல்லாம் மேதைகள்" என்று தோன்றும். உண்மைதான். ஆனால் கலாமுக்கு அன்று இல்லாமல் போனது மேதைமை அல்ல, தகவல். இன்று தகவலுக்குப் பஞ்சமில்லை. முடிவெடுக்காத பிள்ளையின் வீட்டில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த வாசல் எப்போது மூடும் என்பது. மருத்துவமும் பொறியியலும் சீக்கிரம் மூடுபவை. பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் நாளிலேயே பாதி முடிவாகிவிடும். நீட் எழுத உயிரியல் வேண்டும். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200இல் கணிதம் மட்டுமே 100. கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப் இரு வாசலையும் திறந்து வைக்கும் என்றாலும், கணக்கோடு மல்லாடும் பிள்ளையை அதற்காக மட்டும் அங்கே தள்ளுவது கொடுமை.

மற்ற பல வாசல்கள் நெடுநாள் திறந்தே இருக்கின்றன. வரலாறோ தமிழோ படித்தவரும் மூன்றாண்டு சட்டப்படிப்பில் சேரலாம், எம்.பி.ஏ. படிக்கலாம், குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். பொறியியலிலும்கூட, பிளஸ் டூவில் கணிதம் எடுத்து பி.எஸ்ஸி. முடித்தவர்கள், விதிகளுக்கு உட்பட்டு, பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர இன்றும் வழி உண்டு. இது தெரிந்தாலே வீட்டில் பாதிப் பதற்றம் அடங்கும்.

அடுத்தது, கண்ணால் பார்ப்பது. குரோம்பேட்டையில் அந்த இரண்டு விமானங்கள் செய்த வேலையை எந்த அறிவுரையும் செய்திருக்காது. திருச்சிப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். துவாக்குடியில் என்.ஐ.டி., நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும், பொன்மலையில் ரயில்வே பணிமனை, திருவெறும்பூர் பக்கம் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை என்று ஒரு டவுன் பஸ் தூரத்தில் எல்லாம் இருக்கிறது. உள்ளே விடாத இடங்களிலும் வாசல் டீக்கடைக்கு மாணவர்கள் வருவார்கள். அவர்களிடம் "இந்தக் கோர்ஸ் நல்லா இருக்குமா?" என்று கேட்டுப் பயனில்லை. எந்தப் பேப்பரில் நிறையப் பேர் அரியர் வைக்கிறார்கள், லேபில் என்னதான் செய்கிறார்கள், போன வருடம் முடித்த அண்ணனும் அக்காவும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் உண்மை வெளியே வரும். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேர நினைக்கும் துறையின் அடிப்படைப் பாடத்தில் இரண்டு வகுப்பைப் பார்த்துவிட்டு, மூன்றாவதைப் பிள்ளை தானாகத் திறக்கிறதா என்று கவனித்தால் போதும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் படிப்பைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு, விசாரிக்க ஒரு மாமாகூட இல்லாத பிள்ளைக்கு, இது பெரிய ஆறுதல்.

கடைசியாக, பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியல். அதை பிரவுசிங் சென்டர்காரர் கையில் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும்போது, அந்த மதிப்பெண்ணுக்கு முதலில் எது காலியாக இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். அதனால் முதல் வரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடக் கூடாது. எட்டாவது வரியே ஒதுக்கீடாக வரலாம். சென்டருக்குக் கிளம்பும் முன் பிள்ளையே ஒரு தாளில் தன் கையெழுத்தில் அந்த வரிசையை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி சேர்க்கட்டும். காரணம் எழுத முடியாத வரி இருந்தால், பட்டியலைப் பூட்டும் தேதிக்குள் அதை எடுத்துவிடலாம்.