பரணில் கிடக்கும் இழைப்புளி

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்தால், தருமபுரி மாவட்டம் கடத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவு உப்பிக்கொண்டு நிலையில் இடிக்கும். ஆசாரிக்குப் போன் போட்டால் "நாளைக்கு வர்றேன்" என்பார். அந்த நாளை வருவதற்குள் பொறுமை போய், வீட்டுக்காரர் பரணில் ஏறி அப்பா காலத்து இழைப்புளியையும் உளியையும் இறக்குவார். வினை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூரான உளிதான் கையை வெட்டும் என்று வீடுகளில் ஒரு பயம் உண்டு. கூர் உள்ள உளி மெல்லத் தள்ளினாலே மரத்துக்குள் இறங்கிவிடும். மழுங்கியதை உடம்பின் பலத்தைக் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கும். அது வழுக்கும்போது அத்தனை பலமும் எதிரே மரத்தைப் பிடித்திருக்கும் இடது கைக்குப் போகிறது. அதனால்தான் ஆசாரிமார் மரத்தைக் கவ்வியிலோ, பலகையில் அடித்த தடுப்புக் கட்டையிலோ நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் உளிக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள்.

தீட்டுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். கல்லில் தண்ணீர் விட்டு, உளியின் சாய்வு முகம் முழுதும் கல்லில் படியும்படி வைக்க வேண்டும். அந்தச் சாய்வு வழக்கமாக 25 பாகை. கடைசி நாலைந்து இழுப்புக்கு மட்டும் பின்பக்கத்தைச் சற்றே தூக்கி 30 பாகைக்குக் கொண்டுவந்தால் கூர் நெடுநாள் நிற்கும். சாம்பல் நிறச் சேறு கல்லில் திரண்டு, உளியின் மட்டமான முதுகில் விரலைக் குறுக்காகத் தடவும்போது மெல்லிய பிசிர் தட்டுப்பட்டால் வேலை முடிந்தது. முதுகைக் கல்லில் தட்டையாக வைத்து ஒரு தேய்ப்பு, பிசிர் போய்விடும். விரலைக் கூரின் நீளவாக்கில் மட்டும் ஓட்டிவிடக் கூடாது.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுனி நீலம் பாரித்தால் இரும்பின் பதம் சூட்டில் போய்விட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்வது கருவிக்காரரின் உரிமை. சாணைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மரப்பிடி போட்ட உளியை இரும்புச் சுத்தியால் அடிப்பது இன்னொரு பழக்கம். பிடி பிளக்கும். முழு இரும்பு உளி என்றால் தலை காளான் மாதிரி விரிந்து, அடிக்கும்போது சில்லு கண்ணுக்குத் தெறிக்கும். இதற்குத்தான் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தி. தருமபுரிச் சீமையில் அதற்கு மரம் தேடி அலையவும் வேண்டாம்; கறிக்கடைக் கட்டைக்கு ஆகும் புளியமரம் கொட்டாப்புளிக்கும் ஆகும்.

துருவுக்குக் கை வியர்வையின் உப்பே போதும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவலாம். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸுக்குத் துருவைக் குற்றம் சொல்வது பாதி உண்மை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்த உளிக்கு அது ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு வேண்டாம்.

விரலே துண்டானால் வெட்டுவாயை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ்மேல் நேராக வைத்தால் திசு கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இதற்கென்றே பெயர் பெற்றது.

அப்புறம் பணக் கேள்வி. பட்டறையில் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் விரலுக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கணக்கே போட்டு வைத்தது: கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. தன் வீட்டுக் கதவைத் தானே இழைத்தவருக்கு அந்த அட்டவணை கிடையாது. வீடு வீடாகப் போகும் தச்சருக்கு முதலாளி யார் என்பதே வழக்காகிவிடும். அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, அட்டையைப் புதுப்பித்தும் வைத்திருந்தால் விபத்து உதவி கேட்கலாம். புதுக் கருவி வாங்கப் பணம் வேண்டும் என்றால் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: 35 வயது நிறைந்தவருக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும்.

கடன் என்றதும் பலருக்குத் தெரியாத ஒன்று. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, கைவினைஞரின் தொழில் கருவிகளை நீதிமன்றத் தீர்ப்புக்காகக்கூட ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. நீதிமன்றமே தொட முடியாத உளிப்பெட்டியை வட்டிக்காரர் திண்ணையிலிருந்து தூக்கிக்கொண்டு போக எந்த உரிமையும் இல்லை. அதற்குமேல் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டமும் உண்டு. போலீசில் புகார் கொடுக்கலாம். தானாகக் கொண்டுபோய் அடகு வைத்தது மட்டும் வேறு கணக்கு.

வாங்கிய முதல் வாரத்திலேயே சுத்தியின் தலை கழன்று பறந்தால்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரக்குறைவால் வந்த காயத்துக்கும் தயாரித்தவரைப் பொறுப்பாக்குகிறது. பிழைப்புக்காகக் கருவி வாங்கும் தச்சரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். ஆன்லைனில் டெல்லிக் கடையில் வாங்கியிருந்தாலும் கடத்தூர்க்காரர் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். கடையில் மிஷின் துப்பும் வழவழப்புச் சீட்டு, உளியோடு பெட்டியில் போட்டால் சில மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதையும், அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் மாதமும் அச்சிட்ட பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டால் ஆயிற்று.