அடிக்கத் தெரிந்தால் போதுமா?

வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒன்றும், பள்ளிக்கூடம் போகும் பெண்ணோ பிள்ளையோ இரண்டு பேரும் இருந்துவிட்டால், கோடை விடுமுறையில் அந்த மேஜை என்ன பாடுபடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் நாலு புத்தகங்களை வரிசையாக நிறுத்தி வலையாக்கிக்கொண்டு, 'டொக் டொக்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்க வேண்டியதுதான்.

நிற்பதுதான் நிற்கிறீர்கள், அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பந்து வந்த மாத்திரத்தில் பலமாக ஓர் அடி. மேஜையில் பட்டால் கொண்டாட்டம். படாமல் அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டால், யார் குனிந்து எடுப்பது என்று சண்டை. முறையாகப் பயிற்சி பெறும் பெண்களும் முதல் ஒன்றிரண்டு வருஷம் இப்படித்தான் ஆடுகிறார்கள். எதிரே நிற்பவள் அசைந்து கொடுக்காமல் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் இவர்களுக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. இன்னும் பலமாக அடிக்கிறார்கள். பந்து இன்னும் வெளியே போகிறது. தோற்றுவிட்டு வந்து, "அவளுக்கு ஆடவே தெரியாதும்மா! சும்மா சும்மா திருப்பிப் போடறா!" என்று மூக்கைச் சிந்துகிறார்கள். ஆடவே தெரியாதவளிடம் நீ எப்படியடி தோற்றாய் என்று அந்த நேரத்தில் கேட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்கலாம்.

"பொறுமை வேண்டும்" என்பார் பயிற்சியாளர். பொறுமையா? பெண்களுக்கு அது புதிய உபதேசமா என்ன! பிறந்தது முதல் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சமாசாரம் அல்லவா? ஆனால் இந்த மேஜையில் வேண்டிய பொறுமை அந்த ரகம் அல்ல. அது பொறுத்துக்கொண்டு போகிறவளின் பொறுமை. இது குளக்கரையில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கின் பொறுமை. கொக்குக்குத் தனக்கு வேண்டியது எது என்று நன்றாகத் தெரியும்.

வேண்டியது எது என்று தீர்மானிக்காமல் வெறுமே பொறுமையாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் உலகம் ஒரு தடவை பார்த்துவிட்டது. 1936-ல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்துக்காரர் எர்லிக்கும் ருமேனியாக்காரர் பானெத்தும் மோதினார்கள். முதல் பாயிண்டு முடிவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று! இருவரும் பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். தலையைத் திருப்பித் திருப்பி நடுவருக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. கண்டவர்கள் சொன்னதோ, கட்டிவிட்டதோ!

அடுத்த வருஷம் நடந்தது கதை அல்ல. ஆஸ்திரியாவில் பாடன் என்ற ஊரில் 1937-ம் வருஷத்து உலகப் போட்டி. பெண்கள் இறுதி ஆட்டத்தில், முந்தின வருஷம் பட்டம் வென்ற அமெரிக்கப் பெண் ரூத் ஆரன்ஸும் ஆஸ்திரியாவின் ட்ரூடி ப்ரிட்ஸியும் எதிரெதிரே நின்றார்கள். இருவருமே இருபது வயது நிரம்பாதவர்கள். ஆட்டத்துக்குக் கால வரம்பு விதித்திருந்தார்கள். வரம்பு தாண்டியும் வெற்றி தோல்வி ஏற்படவில்லை. அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, அந்த வருஷம் பட்டம் யாருக்கும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்!

இறுதி ஆட்டம் வரை வந்த இரண்டு பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். ப்ரிட்ஸி மறு வருஷமே பட்டத்தைப் பிடித்துவிட்டார். ஆரன்ஸுக்கு அந்த வாய்ப்பு மறுபடி கிட்டவில்லை. கடைசியில் 2001-ல் சர்வதேச சம்மேளனம் மனம் மாறி, 1937-ன் பட்டம் இருவருக்கும் பொதுவானது என்று பிரகடனம் செய்தது. 64 வருஷம் கழித்து! கேட்டுச் சந்தோஷப்பட இருவரில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. நியாயம் சில சமயம் இப்படித்தான், பந்தி முடிந்த பிறகு வந்து இலை போடுகிறது.

இந்த அனுபவங்களால் வலையின் உயரத்தை முக்கால் அங்குலம் குறைத்தார்கள். பிற்பாடு இன்னொரு விதியும் வந்தது. ஒரு கேம் பத்து நிமிஷத்தில் முடியாமல், இருவரும் சேர்ந்து 18 பாயிண்டுகூட எடுக்காமல் இருந்தால், அதன் பிறகு ஸர்வீஸ் போடுகிறவள் சீக்கிரமாகப் பாயிண்டை முடித்தாக வேண்டும். எதிராளி 13 தடவை பந்தைச் சரியாகத் திருப்பிவிட்டால் பாயிண்டு அவளுக்கு. ஆகவே காத்திருக்கலாம்; கணக்கில்லாமல் காத்திருக்க முடியாது.

அப்படியானால் எந்தப் பந்துக்குக் காத்திருப்பது? இங்கேதான் யோசனை வேலை செய்கிறது. முதல் ஐந்தாறு பாயிண்டுகளைக் கெட்டிக்காரப் பெண் எதிராளியைப் பரீட்சை பார்க்கவே செலவிடுவாள். வலையை ஒட்டிக் குட்டையாக விழும் பந்தை இவள் எப்படி எடுக்கிறாள்? இடது கோடிக்குப் போனால் என்ன செய்கிறாள்? மட்டை பிடித்த கையின் முழங்கையைப் பார்த்துப் பந்து வந்தால்? இந்த முழங்கை விஷயம் வேடிக்கையானது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரியானாலும் அங்கே வரும் பந்தை மட்டையின் முன்பக்கத்தால் அடிப்பதா, பின்பக்கத்தால் அடிப்பதா என்று ஒரு கணம் தடுமாறுவாள். இரண்டு பந்தை இடது கோடிக்கு அனுப்பி, மூன்றாவதை முழங்கைக்கு அனுப்பினால் தூக்கலாக ஒரு பந்து திரும்பி வரும். அதுதான் அடிக்க வேண்டிய பந்து. சபையில் கைதட்டல் எல்லாம் அந்தக் கடைசி அடிக்குத்தான். முன்னால் போட்ட மூன்று பந்தை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் டில்லிப் பெண் மணிகா பத்ரா செய்தது இதைத்தான். அவர் மட்டையின் பின்பக்கத்தில் நீளநீளமான குமிழ்கள் கொண்ட ரப்பர் ஒட்டியிருக்கும். அதன் குணம் விசித்திரமானது. எதிராளி மேல்நோக்கிச் சுழற்றி வேகமாக அனுப்புகிற பந்து, அதில் பட்டதும் வேகம் செத்து, கீழ்ச்சுழலோடு மிதந்து வரும். அவசரப்பட்டு அடித்தால் வலையில்தான் விழும். மணிகா நடுநடுவே மட்டையைக் கைக்குள் திருப்பிக்கொண்டும் ஆடுவார். மட்டையின் இரு பக்கமும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று 1980-களில் விதி செய்தது இந்தத் தந்திரத்துக்குக் கடிவாளம் போடத்தான். நிறம் தெரிந்தாலும் யோசிக்க நேரம் வேண்டாமா? சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெய் அப்போது உலகில் நாலாவது. மணிகாவோ வரிசையில் வெகு கீழே. அந்த ஃபெங்கைக் குழுப் போட்டியின் இறுதியில் ஒரு தடவையும், ஒற்றையர் அரை இறுதியில் ஒரு தடவையும் அவர் தோற்கடித்தார். காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே.

அந்த மாதிரி ரப்பருக்கு எதிரே நிற்கிறவளின் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கொரியப் பெண் ஷின் யூ-பின்னுக்கு 17 வயது. எதிரே லக்ஸம்பர்க் நாட்டுக்காக ஆடிய நீ ஷியாலியனுக்கு 58! ஷின் பிறப்பதற்கு 21 வருஷம் முன்பே, 1983-ல், சீனாவுக்காக உலகப் பட்டம் வென்றவர். நின்ற இடத்தை விட்டு அதிகம் நகராமலே பந்தை மூலைக்கு மூலை போட்டுச் சின்னப் பெண்ணை ஓட வைத்தார். முதல் கேம் 11-2. பாட்டியம்மாள் பாடம் நடத்திவிட்டார் என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஆனால் இரண்டாவது கேமை ஷின் 19-17 என்று பிடித்தாள். அந்த ஒரு கேமில் மட்டும் 36 பாயிண்டு! மூன்றாவது போயிற்று, நாலும் ஐந்தும் வந்தன, ஆறாவது மறுபடி போயிற்று. ஏழாவதை 11-5 என்று முடித்தாள். முதல் கேமில் புரியாத புதிராக இருந்தவரை ஏழாவது கேமுக்குள் படித்துவிட்டாள் அந்தப் பெண்.

நீ ஷியாலியனும் ஓய்ந்துவிடவில்லை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில், 61 வயதில், முதல் சுற்றை ஜெயித்துவிட்டுத்தான் வெளியேறினார்.

உங்கள் பெண் போட்டிக்குப் போகிறாள் என்றால், கூடப் போகிற உங்களுக்கும் சில விஷயம் தெரிந்திருப்பது நல்லது. இப்போது ஒரு கேம் 11 பாயிண்டுதான். ஆறு பாயிண்டுக்கு ஒரு தடவை துண்டால் முகம் துடைத்துக்கொள்ளலாம். கேமுக்கும் கேமுக்கும் நடுவே ஒரு நிமிஷம் இடைவேளை. அது தவிர, ஆட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம் 'டைம்-அவுட்' கேட்கலாம். தொடர்ந்து நாலு பாயிண்டு போகும்போது அந்தத் துண்டு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். வியர்வையே இல்லாத முகத்தை ஆற அமரத் துடைப்பார்கள்!

இடைவேளையில் பயிற்சியாளர் பேசட்டும். ஊரிலிருந்து அவர் வராமல், பெண் நேரே உங்களிடமே வந்து நின்றால், "இன்னும் பலமா அடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "அவளுக்கு எந்தப் பந்து பிடிக்கலை?" என்று கேளுங்கள். முதல் தடவை முழிப்பாள். அடுத்த இடைவேளையில், நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்வாள்.